கடிகாரம் இல்லாத கையெழுத்து

2022 ஜூலையில் டெல்லியிலிருந்து மாநிலத் தலைநகரங்களுக்குப் பறந்த விமானங்களில் ஒரு விசித்திரமான பயணி இருந்தார். டிக்கெட்டில் பெயர் ‘மிஸ்டர் பேலட் பாக்ஸ்’. முன்வரிசையில் தனி இருக்கை. அதில் உட்கார்ந்திருந்தது ஒரு காலி வாக்குப்பெட்டி! கூட வரும் அதிகாரியின் கண்ணை விட்டு அது ஒரு நிமிடமும் விலகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டுகள் விழப்போகிற பெட்டி அது.

நாம் போடும் வாக்குகள் எல்லாமே ஒரே எடை. எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் வாக்களிக்கும் இந்தத் தேர்தலில் அப்படி இல்லை. மாநிலத்தின் மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் ஒரு எம்.எல்.ஏ.யின் ‘வாக்கு மதிப்பு’. தமிழ்நாட்டில் அது 176. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. சிக்கிமின் 32 எம்.எல்.ஏ.க்களும் திரண்டு வந்தாலும் மொத்தம் 224தான். லக்னோவில் ஒரே ஒருவர் போடும் சீட்டு ஏறக்குறைய ஒரு முழு சட்டமன்றத்துக்குச் சமம்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகை 4 கோடியே 12 லட்சம். எண் தவறில்லை, அது 1971 கணக்கெடுப்பின் எண். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதனாலேயே செல்வாக்கை இழந்துவிடக் கூடாது என்று, அந்த ஆண்டின் எண்ணையே 1976இல் உறைய வைத்தார்கள். இன்னும் அது உருகவில்லை.

அடுத்தது தராசு. நாடு முழுவதும் எம்.எல்.ஏ.க்களின் வாக்கு மதிப்பைக் கூட்டி, எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அதுதான் ஒரு எம்.பி.யின் மதிப்பு. 2022இல் எம்.எல்.ஏ.க்கள் தட்டில் 5,43,231. 776 எம்.பி.க்களுக்கு ஆளுக்கு 700 வீதம் மற்றத் தட்டில் 5,43,200. வித்தியாசம் வெறும் 31. ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் இரண்டைத் தூக்கி வைத்தால் மூன்று கிராம் மட்டுமே வேறுபடுகிற துல்லியம் இது. மாநிலங்கள் ஒரு பக்கம், மத்திய நாடாளுமன்றம் ஒரு பக்கம். முள் நடுவில் நிற்கிறது.

சீட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எம்.பி.க்குப் பச்சை, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. யாருக்கு முதலிடம், யாருக்கு இரண்டாமிடம் என்று 1, 2, 3 போட வேண்டும். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ‘ஒற்றை மாற்று வாக்கு’ என்று இதற்குப் பெயர். 1969இல் 15 பேர் போட்டியிட்டார்கள். வெல்ல 4,18,169 வேண்டும். முதல் எண்ணிக்கையில் வி.வி.கிரிக்கு 4,01,515தான். ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே போக, சீட்டுகள் இடம் மாறி மாறி 4,20,077இல் வந்து நின்றார். வெற்றி மயிரிழையில்!

குடியரசுத் தலைவரை இவ்வளவு நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘அமைச்சரவை சொல்கிறபடி நட’ என்று ஏன் உட்கார வைக்கிறார்கள்? அரசியல் நிர்ணய சபையிலேயே இது பேசப்பட்டது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால், பிரதமருக்கு எதிராக இன்னொரு அதிகார மையம் முளைத்துவிடும். அதனால் நாட்டின் எடை முழுவதையும் அந்த நாற்காலியில் ஏற்றினார்கள்; ஸ்டியரிங்கை மட்டும் கொடுக்கவில்லை. ஆனால் பிரேக்கில் லேசாகக் கால் வைக்க விட்டார்கள்.

எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த பாகம் அந்த பிரேக்தான். அமைச்சரவையின் ஆலோசனையை அவர் ஒரே ஒரு முறை திருப்பி அனுப்பலாம். அது மறுபடி வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1978இல் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் எழுதிச் சேர்த்த வசதி இது. 1997இல் உத்தரப் பிரதேச அரசை நீக்கச் சொல்லி பிரதமர் குஜ்ராலின் அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மறுபடி யோசித்தது; கைவிட்டது. அடுத்த ஆண்டு பீகாருக்கு வந்த பரிந்துரையையும் அப்படியே திருப்பினார். சில மாதங்களில் மீண்டும் வந்தது, கையெழுத்திட்டார். மசோதாக்களுக்கும் இதே வழிதான். 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பினார். நாடாளுமன்றம் அப்படியே மறுபடி நிறைவேற்ற, ஒப்புதல் தந்தார். தடுக்கிற சக்தி இதில் இல்லை. ‘இன்னொரு தரம் யோசியுங்கள்’ என்று நாடறியச் சொல்கிற சக்தி இருக்கிறது.

இதைவிடப் பெரிய அதிசயம், எழுதாமல் விட்ட ஓர் இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் காங்கிரஸ் கூடியிருக்கும்போது, ஞாயிறு நீங்கலாக 10 நாளில் அதிபர் மசோதாவைத் திருப்பாவிட்டால், கையெழுத்து இல்லாமலே அது சட்டமாகிவிடும். நம் அரசியலமைப்பின் 111ஆவது பிரிவு, திருப்புவதானால் ‘கூடிய விரைவில்’ திருப்பச் சொல்கிறது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. கையெழுத்தும் போடாமல், திருப்பவும் செய்யாமல் வைத்துக்கொண்டால்? ‘பாக்கெட் வீட்டோ’ என்பார்கள். சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிற மறுப்பு.

அந்தக் காலத்து நீல நிற இன்லேண்ட் லெட்டரை நினைத்துப் பாருங்கள். உள்மடிப்பு வரை பொடி எழுத்தில் நிரப்பி, ஓரத்தில் எச்சில் தொட்டு ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் தபால் பெட்டியில் போடுவோம். 1986இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய அஞ்சல் திருத்த மசோதா, அந்த ஒட்டைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிவான அதிகாரம் தந்தது. மக்களவையில் ராஜீவ் காந்திக்கு 400க்கும் மேற்பட்ட இடங்கள். மசோதா குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் மேசைக்கு வந்தது. அவர் கையெழுத்திடவில்லை, திருப்பவும் இல்லை. 1987இல் பதவி முடிந்து போகும்போதும் அது அங்கேயே கிடந்தது.

அடுத்து வந்தவர் பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன். குடியரசுத் தலைவர் பதவியை எமர்ஜென்சி விளக்குக்கு ஒப்பிட்டவர் அவர்: மின்சாரம் போனால் தானே எரியும், வந்தால் அணைந்துவிடும். 1990 ஜனவரியில் அவர் அந்த மசோதாவை மறுபரிசீலனைக்கு அனுப்பினார். அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. யாரும் அதை மறுபடி நிறைவேற்றவில்லை. 2002இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கிடப்பில் கிடந்தே ஒரு சட்டம் பிறக்காமல் போனது.

கடிதத்தைப் பிரிக்கும் அதிகாரம் வேறு வாசகத்தில் 2023 அஞ்சல் சட்டத்தில் வந்தது. அந்த மசோதா டிசம்பரில் நாடாளுமன்றத்தைத் தாண்டியது. ஒப்புதல் அதே மாதம் 24ஆம் தேதி கிடைத்தது.