கச்சிராயபாளையத்துக்கு மேலே போகும் கோடு

சேலம் விமான நிலையம் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது, புதுச்சேரியுடையது லாஸ்பேட்டையில். இரண்டும் சின்ன நிலையங்கள். வரைபடத்தில் இரண்டையும் ஒரு நேர்கோட்டால் சேர்த்துப் பாருங்கள். கோடு கல்வராயன் மலையைக் குறுக்கே தாண்டி, கச்சிராயபாளையத்துக்குச் சற்று வடக்கே சமவெளியில் இறங்கும். கிட்டத்தட்ட பாதி வழி அதுதான்.

கோட்டின் நீளத்தைப் பள்ளிக் கணக்கிலேயே போடலாம். இரண்டு நிலையங்களுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 1.75 பாகை. நம் பகுதியில் ஒரு பாகை ஏறக்குறைய 109 கிலோமீட்டர். ஆக, கிழக்கு மேற்காக 190. வடக்கு தெற்கு வித்தியாசம் 20 கிலோமீட்டர்தான். பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் 191 வருகிறது. பூமி உருண்டை என்பது இவ்வளவு குறைந்த தூரத்தில் கணக்கை அசைக்காது.

நேரம்தான் சிக்கல். இத்தகைய தடங்களில் பறக்கும் ஏடிஆர் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். வகுத்தால் 23 நிமிடம். ஆனால் அந்த வேகம் உயரே போய்ச் சீராகப் பறக்கும்போது மட்டும். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, காற்று பார்த்து வளைந்து இறங்குவது, நிற்கும் இடம் வந்து சேர்வது எல்லாமே கால அட்டவணையில் சேரும். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி ஏறக்குறைய இதே தூரம்: 183 கிலோமீட்டர். 2025 மார்ச்சில் இண்டிகோ அங்கே ஏடிஆர் விட்டபோது அட்டவணையில் போட்டது ஒரு மணி நேரம்.

அங்கே நடுவில் கடல் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு வெறும் 2.7 கிலோமீட்டர், இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பறப்பு. அதுவும் 1967 முதல் ஓடுகிறது, காரணம் கடல்தான். சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாக நல்ல சாலை இருக்கிறது. நேரடி விமானம் இல்லை.

வந்தாலும் கோட்டுக்கு நேர் கீழே இருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து பேருந்தில் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், சேலம் என்று சுற்றிக் காமலாபுரம் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே ஏறினால் புறப்பட்ட ஊருக்கு மேலேயே திரும்பப் பறக்க வேண்டும்! உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அது உயிர்பெற்றால், இரண்டு நிலையங்களையும்விட நமக்குப் பக்கம்.

அந்தக் கோட்டில் பறக்கும் விமானம் கல்வராயன் மலையை நாலைந்து நிமிடத்தில் கடந்துவிடும். கீழே, வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் பிரசவ வலியோடு இறங்குகிற பெண்ணுக்கு, கச்சிராயபாளையம் வருவதற்குள்ளேயே எத்தனையோ கொண்டை ஊசி வளைவுகள். மழைக்கால இரவில் அந்தத் தூரம் எத்தனை மணி நேரம் என்பதைத்தான் நான் முதலில் அளக்கச் சொல்வேன்.