பொருளும் எழுத்துத் தொடரும்

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட இலங்கை விவரத்திரட்டில், ஊர்களும் ஆறுகளும் துறைமுகங்களும் நெடுங்கணக்கு முறையில் நிரல்பட நிற்கின்றன. ஊர் தன் மண்ணைவிட்டுப் பெயராது. அதனை அயலான் அறியச் செய்ய வேண்டின், சில குறிப்புக்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக எழுதுதலன்றி வேறு வழியில்லை. கணினியியலார் தொடராக்கம் என வழங்குவதும் இதனையொத்ததொரு தொழிலேயாம்.

கணினியின் நினைவகத்தில் ‘பொருள்’ எனப்படுவது ஓரிடத்தே திரண்டு கிடப்பதன்று. ஒரு குடும்பத்தைக் குறிக்கும் பொருளை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தின் பெயர் ஓரிடத்தும், உறுப்பினர் பட்டியல் பிறிதோரிடத்தும் இருக்கும். அவற்றைப் பிணைப்பன நினைவக முகவரிகளே. அம்முகவரிகள் அவ்வொரு கணினிக்கே உரியன. கொழும்பிலுள்ள கணினியின் முகவரி சிலாபத்துக் கணினிக்கு யாதும் உணர்த்தாது. ஆதலின் முகவரிகளை ஒழித்து, ‘பெயர் இது, அகவை இது’ என எழுத்துத் தொடராக்கி அனுப்புதல் வேண்டும். பெறும் கணினி அத்தொடரினின்று பொருளை மீள அமைத்துக்கொள்ளும். ஜேசன், எக்ஸ்எம்எல் என்பன இதற்கு வழங்கும் வடிவங்கள்.

இங்கு ஓர் இடர் உண்டு. குடும்பத்தை எழுதப்புகின் உறுப்பினரையும் எழுத வேண்டும். உறுப்பினரை எழுதப்புகின் அவர்தம் குடும்பத்தை எழுத வேண்டும். இவ்வாறு செல்லின் முடிவேயில்லை. எனவே ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுதாது, அதன் அடையாள எண்ணை மட்டும் குறித்து மேற்செல்வர். ஜேசன் வடிவில் நாளுக்கெனத் தனிவகை இன்மையால், அதனை 2004-12-26 என்றாற்போல எழுத்தாகவே வரைதல் மரபு.

தமிழெழுத்துக்களின் செலவும் கருதற்பாலது. ‘உடப்பு’ என நாம் எழுதுவன நான்கெழுத்து. யூனிக்கோடு முறையிற் புள்ளியும் உகரக்குறியும் தனித்தனி எண்ணப்படுதலின் அவை ஆறாகும். யூடிஎப்-8 முறையிற் பதினெட்டு பைற்றுக்கள். பைதன் மொழியின் ஜேசன் கருவியை இயல்பாக விட்டுவிடின் முப்பத்தாறு உரோமக் குறிகளாக விரித்தெழுதும். பொருள் கெடாது, எனினும் படிக்கும் மனிதனுக்கு அது உடப்பாகத் தோன்றாது!

2004ஆம் ஆண்டு மார்கழி ஆழிப்பேரலையின் பின்னர், இலங்கைத் தொண்டர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கெனச் ‘சகானா’ எனும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அப்பெயர்க்கு நிவாரணம் என்பது பொருள். முதலில் அது பிஎச்பி மொழியில் அமைந்தது. பின்னர் எழுந்த சகானா ஈடன் பைதன் மொழியின் வெப்2பை எனும் இணையச் சட்டகத்தின்மேல் நிற்பது. ஒவ்வொரு பதிவுக்கும் உலகெங்கும் ஒன்றேயான அடையாளம் வழங்கி, எக்ஸ்எம்எல் தொடராக்கிப் பிற அமைப்புக்களுக்குக் கொடுக்க அஃது வல்லது.

ஆயின் தொடராக்குவோன் எவ்வெக் கூறுகளைக் கொள்வான் என்பதிலேயே இடர்ப்பாடு தங்கியுள்ளது. 2005ஆம் ஆண்டிற் கத்ரீனா சூறாவளியின் பின் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆள்தேடற் பரிமாற்ற வடிவம், பெயரை ‘முதற்பெயர்’, ‘கடைப்பெயர்’ என இரண்டாகக் கூறிட்டது. நம்மவர் பெயரில் முன்னிற்பது தந்தை பெயர். இறுதியில் நிற்பதே தன்பெயர். ஓர் எழுத்தர் இடத்தை நோக்கி நிரப்புவார். மற்றொருவர் பொருளை நோக்கி மாற்றி நிரப்புவார். ஒருவரே இருவராகிவிடுவர். அன்னை ஒரு பதிவையும் முகாம் மற்றொன்றையும் வைத்திருக்க, கணினி இரண்டும் வேறெனச் சாதிக்கும். அதன்மீது குற்றமில்லை, தொடரில் இல்லாததை அஃது எங்ஙனம் அறியும்? முழுப்பெயரைச் சொல்லியவாறே ஒரு கூறாகக் காத்து, பிரித்த கூறுகளை அதன் பக்கத்தே வைத்தலே தக்கதென்பது எம் கருத்து.

வெளிச்செல்லும் கூறுகளைப் பெயர்சுட்டி வரையறுத்தலும் இன்றியமையாதது. ‘யாவும் செல்க’ எனச் சட்டகத்திற்குக் கட்டளையிடின், ஏதிலியின் தொலைபேசி எண்ணும் நோய்க்குறிப்பும் உடன்செல்லும்.