கல்லூரி வாசலில் நின்றுவிட்ட இணையம்

சென்ற மாதம் ஒரு மாலை, என்னிடம் முன்பு படித்தவரின் மகள் ஆரணியில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள். தந்தை பக்கத்து ஒண்ணுபுரத்தில் பட்டுத்தறி நெய்பவர். மகள் தனியார் கல்லூரி ஒன்றில் முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் குறித்து ஆய்வேடு எழுத வேண்டும். அதற்காக ஆறு ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். ஆறின் சுருக்கமும் அவளது கைப்பேசியில் இருந்தன. முழுக் கட்டுரை ஒன்றுகூட இல்லை. 'கல்லூரியில் இணைய வசதி இல்லையா?' என்று கேட்டேன். 'இருக்கிறது சார். ஆபீஸ் ரூமில் நன்றாக வரும்' என்றாள்.

அந்தப் பதிலில் புகாரின் சாயல்கூட இல்லை. அலுவலகத்துக்கு இணையம், மாணவருக்குச் சொந்தக் கைப்பேசி என்பதை உலக இயல்பாகவே அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள். முப்பதாண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு அதுதான் உறுத்தியது.

உயர்கல்வி நிறுவனங்களுக்கு இணையம் எப்படி வருகிறது, யார் பணம் கொடுக்கிறார்கள், உள்ளே வந்த பிறகு அதை யார் பகிர்ந்தளிக்கிறார்கள் என்பதை நாம் பொதுவெளியில் பேசுவதே இல்லை. கட்டணம், ஆசிரியர் பற்றாக்குறை, தேர்வு முடிவு ஆகியவை தலைப்புச் செய்தியாகின்றன. இணைய இணைப்போ மின்கட்டணம்போல ஒரு செலவினமாக ஒதுங்கிவிட்டது.

இந்தியாவுக்கு இணையம் கல்வி நிறுவனங்களின் வழியாகத்தான் வந்தது. 1986-இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியுடன் 'எர்நெட்' என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், தில்லியில் அத்துறையின் அலுவலகம் என எட்டு இடங்கள். அன்று நகரங்களை இணைத்த கம்பிகளின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட், இன்று கைப்பேசியில் ஒரு புகைப்படம் திறக்கக்கூட அது போதாது. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். நிறுவனம் இணையச் சேவையைத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர்கள் மின்னஞ்சல் அனுப்பிக் கொண்டிருந்தனர். கல்லூரி இணைய முகவரிகளின் இறுதியில் வரும் 'ஏசி.இன்' என்ற பெயரைப் பதிவு செய்து கொடுக்கும் பொறுப்பு இன்றளவும் எர்நெட்டிடமே இருக்கிறது.

பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு 'யுஜிசி-இன்ஃபோநெட்' என்ற திட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகங்களை இணைத்தது. 2009-இல் தகவல் தொழில்நுட்பம் வழியான தேசியக் கல்வி இயக்கம் வந்தது. 2010 மார்ச்சில் ரூ.5,990 கோடி மதிப்பீட்டில் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேசிய தகவலியல் மையம் நடத்தும் இந்த வலையமைப்பு, நாட்டின் முன்னணிக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை அதிவேகக் கண்ணாடியிழையால் பிணைத்திருக்கிறது. இது உண்மையான சாதனை; குறைத்து மதிப்பிட ஒன்றுமில்லை.

ஆனால், உயர்கல்வி குறித்த 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய ஆய்வறிக்கைப்படி நாட்டில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் 1,168, கல்லூரிகள் 45,473. நம் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிப்பது இந்தக் கல்லூரிகளில். ஆரணி வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த இப்பகுதிக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்காக 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியது. பட்டத்தின் மீது அச்சாவது பல்கலைக்கழகத்தின் பெயர். பட்டம் பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன் வளாகத்தில் ஒரு நாளும் படித்தவர்கள் அல்லர். பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு பெரிய இணைப்பைக் கொடுத்தாலும் அது ஒண்ணுபுரத்து மாணவியின் வகுப்பறைக்குத் தானாக வந்துவிடாது.

2009-ஆம் ஆண்டுத் திட்டத்தின் கணக்கே இந்த ஏற்றத்தாழ்வைச் சொல்லிவிடும். பல்கலைக்கழகத்துக்கு நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் ஓர் இணைப்பு. கல்லூரிக்கோ, 512 கிலோபிட் வேகமுள்ள பிராட்பேண்ட் இணைப்புகள், அதிகபட்சம் 20. இருபதையும் கூட்டினாலும் சுமார் 10 மெகாபிட். பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்ததில் நூறில் ஒரு பங்கு. செலவில் 75 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்க, எஞ்சிய 25 விழுக்காட்டை நிறுவனம் ஏற்க வேண்டும். திட்டமிட்டவர்களிடம் தீய எண்ணம் இல்லை. ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கு அதிகம், பாடம் மட்டும் நடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் என்பது அவர்களது கணிப்பு. பாடமே இணையத்துக்குப் போய்விடும் காலம் பத்தாண்டில் வரும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த இணைப்புகள் என்ன ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது நான் வேறொரு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நூலகக் குழுவின் பொறுப்பாளராக இருந்தேன். இணைப்புகள் வந்த வாரத்தில் பங்கீடு தொடங்கியது. முதல்வர் அறைக்கு ஒன்று, செயலருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு மூன்று, தேர்வுப் பிரிவுக்கு இரண்டு, துறைத் தலைவர்களுக்கு ஆளுக்கொன்று. நூலகத்துக்கு மிஞ்சியவை இரண்டு. அவற்றில் ஒன்று அடுத்த மழைக்காலத்தில் அறுந்தது. சரிசெய்ய யாரை அழைப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கென ஒரு பணியிடமே கிடையாது. கணினி அறிவியல் துறையின் இளைய விரிவுரையாளர் ஒருவர், வகுப்புகளுக்கு நடுவே ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். நானும் துறைத் தலைவர் என்ற முறையில் ஓர் இணைப்பை என் மேசையில் வைத்துக்கொண்டவன்தான். பொதுவளங்களின் பங்கீடு பற்றி வகுப்பில் பாடம் நடத்திவிட்டு வந்து அதைப் பயன்படுத்தினேன்.

இன்று நிலைமை மாறிவிட்டது, நூறு மெகாபிட் இணைப்பு வீட்டுக்கே மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். இங்குதான் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வருவது பலரும் பகிர்ந்துகொள்ளும் இணைப்பு. தெருக்குழாயில் அத்தனை வீடுகளும் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடித்தால் அழுத்தம் குறைவதைப்போல, எல்லோரும் பயன்படுத்தும் நேரத்தில் அதன் வேகம் சரியும். நிறுவனங்கள் வாங்க வேண்டியது 'லீஸ்டு லைன்' எனப்படும் தனிக் குத்தகை இணைப்பு. நூறு மெகாபிட் என்றால் எந்நேரமும் நூறு. பதிவேற்றத்திலும் அதே வேகம். அதன் விலை வீட்டு இணைப்பைப்போலப் பல மடங்கு. எனவே, தனியார் கல்லூரிகள் பல வீட்டு இணைப்பை வாங்கிவிட்டு விளம்பரத்தில் 'வைஃபை வளாகம்' என்று எழுதிக்கொள்கின்றன. 1,500 மாணவர்கள் உள்ள கல்லூரியில் ஒரே நேரத்தில் 300 பேர் பயன்படுத்தினால், முழு நூறு மெகாபிட்டும் கிடைத்தாலும் தலைக்கு மூன்றில் ஒரு மெகாபிட்தான். சுமாரான தெளிவுள்ள ஒரு காணொலிப் பாடத்துக்கே ஏறத்தாழ ஒரு மெகாபிட் வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை கருவியும் சில பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் திணறும்.

ஆக, செலவு சத்தமில்லாமல் மாணவரின் சட்டைப்பைக்கு மாற்றப்பட்டுவிட்டது. கல்லூரி தர வேண்டிய இணைப்பை மாணவர் மாதந்தோறும் ரீசார்ஜ் செய்து தானே கொண்டுவருகிறார். 'மாதம்' என்பதும் பேச்சுக்குத்தான். 28 நாள் திட்டத்தில் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்ட வேண்டும். கல்விக் கட்டணத்தில் நூறு ரூபாய் உயர்ந்தால் போராட்டம் வெடிக்கும் நாட்டில், இந்தக் கட்டணத்தை யாரும் கல்விக் கட்டணமாகக் கருதுவதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழக அரசு இதை உணர்ந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9,69,047 பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசமாக வழங்கப்படும் என அறிவித்தது. கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது அது சரியான முடிவு. ஆனால், நான்கு மாதம் முடிந்ததும் அந்தச் செலவு கரைந்துபோயிற்று. மண்ணுக்கடியில் பதித்த ஓர் இழையைப்போல அது எதையும் விட்டுச் செல்லவில்லை. தனிநபருக்கு மானியம் கொடுப்பது எளிது, கண்ணுக்கும் தெரியும். பொதுக்கட்டமைப்பை அமைப்பது கடினம். அதற்கு நன்றி சொல்ல யாரும் வரிசையில் நிற்பதில்லை. அதே காலத்தில் இலங்கை வேறு வழியில் போயிற்று. அங்கு 'லேர்ன்' என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக இருந்தது. இணையவழி வகுப்புகளை அதன் வழியாக நடத்தி, தொலைபேசி நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் மாணவர்கள் டேட்டாக் கட்டணமின்றி அவற்றில் சேர வழி செய்தனர். பொதுவான வலையமைப்பு ஒன்று முன்பே இருந்ததால்தான் அது கைகூடியது.

இனி, அந்த மாணவியின் ஆறு கட்டுரைகளுக்கு வருகிறேன். ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் வாசகரை நேரடியாக அறிவதில்லை. அவர் எந்த வளாகத்தின் இணைய எண்ணிலிருந்து வருகிறார் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் கதவைத் திறக்கின்றன. சந்தா கட்டிய பல்கலைக்கழகத்தின் நிலையான எண் என்றால் கட்டுரை விரியும். கைப்பேசி நிறுவனத்தின் எண் என்றால் சுருக்கத்தோடு நிற்கும். வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழையவும் கடவுச்சொல் வழிகள் உண்டு. ஆனால், அவற்றையும் மாணவருக்கு உருவாக்கித் தர வேண்டியது கல்லூரிதான். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வரவேற்கத்தக்கது. மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடியில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவது அதன் இலக்கு. ஆயினும் அந்த நிறுவனங்கள் மத்திய, மாநில அரசுகள் நிர்வகிப்பவை. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் நெசவாளியின் மகள் அந்தப் பட்டியலில் இல்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காததால்தான் அவள் அங்கே சேர்ந்தாள் என்பது தனிக்கதை.

தீர்வுக்கு ஆரணி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தனித்தனியாகக் கச்சாப் பட்டு வாங்கும் நெசவாளி, விற்பவர் சொல்லும் விலையைக் கொடுப்பார். அதனால்தான் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. சங்கங்களுக்குக் கச்சாப் பட்டு வழங்க, காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டான்சில்க் என்னும் கூட்டுறவு இணையம் உருவானது. (கூட்டமைப்புக்கும் இன்டர்நெட்டுக்கும் தமிழில் 'இணையம்' என்ற ஒரே சொல் அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.) கல்லூரிகள் இணைப்பை ஒவ்வொன்றாகச் சில்லறை விலையில் வாங்குவதை விட்டு, பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரே கொள்முதலாக வாங்கினால் விலை குறையும், தரத்தைக் கேட்டுப் பெறும் வலுவும் வரும். பிரிட்டனில் 1984-இல் தொடங்கிய 'ஜேனட்' வலையமைப்பு, பல்கலைக்கழகங்களோடு நிற்காமல் தொழிற்கல்வி தரும் சிறு கல்லூரிகளையும் பின்னர் தன்னுள் இணைத்துக்கொண்டது. தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுசெல்லும் பணியை அரசின் கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. அந்த இழை செல்லும் வழியில் உள்ள கல்லூரிகளுக்கு, அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்று பாராமல், ஒரு கிளை பிரித்துக் கொடுக்கலாம். தனியார் கல்லூரிகள் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தட்டும். மாணவரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இழையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆள். கல்லூரிக்கு நூலகர் வேண்டும் என்பதை விதியாக்கியிருக்கிறோம். வலையமைப்பு நிர்வாகி வேண்டும் என்பதை ஆக்கவில்லை. யாருக்கு எவ்வளவு வேகம், எந்த நேரத்தில் நெரிசல், மாணவருக்குத் தனி அடையாளம் கொடுத்து நூலகச் சந்தாக்களைத் திறந்துவிடுவது, பழுதானால் அன்றே சரிசெய்வது ஆகியவை முழுநேர வேலைகள். கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும். ஏணியோடு அலையும் விரிவுரையாளர் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. நிர்வாகி இல்லாத கல்லூரியில், எவ்வளவு பெரிய இணைப்பும் கடைசியில் முதல்வர் அறையில்தான் போய்ச் சேரும்.

தேசிய மதிப்பீட்டுக் குழு கல்லூரிகளை மதிப்பிடும்போது இணைப்பின் வேகத்தைக் கேட்கிறது. கல்லூரியும் ரசீதைக் காட்டுகிறது. ரசீதைப் பார்ப்பதற்குப் பதிலாக, வேலைநாள் ஒன்றின் பகல் பதினொரு மணிக்கு, நூலகத்தில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவியின் கைப்பேசியை வாங்கி, ஓர் ஆய்விதழ்க் கட்டுரை திறக்கிறதா என்று பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

அன்று மாலை அந்த ஆறு கட்டுரைகளில் இரண்டை, அவற்றை எழுதியவர்களே தம் பக்கங்களில் இலவசமாக வைத்திருந்ததைக் கண்டெடுத்தோம். மூன்றாவதை, பல்கலைக்கழகம் ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் அனுப்பிவைத்தார். மற்ற மூன்றையும் எழுதியவர்களுக்கு மின்னஞ்சல் எழுத அவளுக்கு உதவினேன். ஒருவர் பதில் அனுப்பிவிட்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன.