பிளாஸ்டிக் செங்கற்களால் ஒரு பனி வண்டி

புதிதாகப் பெய்த வெண்பனியின்மீது ஒரு மனிதன் நடந்தால் அவன் கால் முழங்கால்வரை புதைவதுண்டு. அதே பனியின்மீது ஆறு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஒரு வண்டி அதிகம் புதையாமல் ஊர்ந்து செல்வதைக் காண்கிறோம். இதில் மந்திரம் ஏதுமில்லை. 60 கிலோகிராம் எடையுள்ள மனிதன் ஓர் அடி எடுத்து வைக்கும்போது அவனுடைய எடை முழுவதும் ஏறக்குறைய 200 சதுர செண்டிமீட்டர் பரப்புள்ள ஒற்றைப் பாதத்தில் தங்குகிறது. அதாவது, சதுர செண்டிமீட்டருக்கு 300 கிராம் அழுத்தம். 6,400 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒன்று, ஒவ்வொன்றும் 4 மீட்டர் நீளமும் 80 செண்டிமீட்டர் அகலமுமான இரண்டு பட்டைகளின்மீது நிற்குமாயின், அதன் அழுத்தம் 100 கிராமே ஆகும். எடை மிகுந்த வண்டி மனிதனைவிட இலேசாகப் பனியை மிதிக்கிறது.

புல்டோசரிலும் போர் டாங்கியிலும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இந்தப் பட்டையைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்பதில் மொழிபெயர்ப்பாளர்களுக்குள் இன்னும் ஒருமைப்பாடு ஏற்படவில்லை. சங்கிலி என்றால் வேறு பொருள் தருகிறது. தடம் என்றால் வண்டி விட்டுச் சென்ற சுவடு என்று படுகிறது. இக்கட்டுரையில் அதனைத் தொடர்பட்டை என்று வழங்குவோம்.

அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கிவரும் இந்திய ஆராய்ச்சி நிலையமாகிய மைத்திரி, பனித்தட்டின் கடலோர விளிம்பிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ளது. கப்பலிலிருந்து இறக்கப்படும் எரிபொருளையும் பிற சரக்குகளையும் பனிமீது இழுத்துச் செல்லும் வேலையைத் தொடர்பட்டை வண்டிகளே செய்கின்றன. இவ்வண்டிகளைப் பற்றி வகுப்பில் சொல்ல விரும்பும் ஆசிரியர் படத்தைக் காட்டலாம். அதைவிடச் சிறந்த வழி, மாணவர்களைக் கொண்டே ஒரு மாதிரி வண்டியைக் கட்டச் செய்வது. இதற்கு லெகோ என்னும் பிளாஸ்டிக் செங்கற்கள் மிகவும் ஏற்றவை.

டென்மார்க்கிலுள்ள பில்லுண்ட் என்னும் சிற்றூரில் 1932 இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பே இச்செங்கல். மேலே குமிழ்களும் உள்ளே குழல்களும் கொண்ட இதன் இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. அன்று செய்த செங்கல் இன்று செய்ததோடும் பொருந்தும். 1963 முதல் இதற்குப் பயன்படும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் ரப்பர் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் கலந்திருப்பதால், அழுத்தினால் சற்றே நெகிழ்ந்து, விட்டால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. செங்கற்கள் பசையின்றி ஒன்றையொன்று பற்றிக்கொள்வது இக்குணத்தினால்தான். பற்சக்கரங்கள், தண்டுகள், துளையிட்ட சட்டங்கள் ஆகியவை அடங்கிய டெக்னிக் வரிசை 1977 இல் வெளிவந்தது. அவ்வரிசையில் 2009 ஆம் ஆண்டு பனிச்சரிவைச் சமன்செய்யும் வண்டி ஒன்றும் இடம் பெற்றது. அதே பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. தொடர்பட்டைக் கண்ணிகளும் இரண்டு மோட்டார்களும் கிடைத்தால் போதும்.

முதலில் பற்சக்கரங்களைக் கவனிப்போம். சட்டத்திலுள்ள துளைகள் ஒன்றுக்கொன்று 8 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ளன. பற்சக்கரங்களோ, எத்தனை பற்களோ அத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்ற கணக்கில் அமைந்தவை. ஆகவே 8 பற்களும் 24 பற்களும் உள்ள சக்கரங்களின் மையங்கள் 16 மில்லிமீட்டர் தொலைவில், அதாவது சரியாக இரண்டு துளைத் தூரத்தில் நிற்கும். 8 உம் 40 உம் மூன்று துளைத் தூரத்தில் நிற்கும். 16 உம் 24 உம் சேரவேண்டுமானால் 20 மில்லிமீட்டர் தேவை. அது இரண்டரைத் துளை. ஒரே வரிசைத் துளைகளில் இவ்விரண்டையும் கோக்க முயன்று இக்கட்டுரையாசிரியர் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியதுண்டு. காகிதத்தில் ஒரு நிமிடம் கணக்கிட்டிருந்தால் அது மிஞ்சியிருக்கும். மாணவர்களுக்கு இக்கணக்கை முன்னதாகவே கொடுத்துவிடுவது நலம்.

மோட்டார் வேகமாகச் சுழலும். ஆனால் அதன் திருப்புவிசை குறைவு. 8 பற்சக்கரத்தால் 40 பற்சக்கரத்தை ஓட்டினால் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, உராய்வில் கழிவது போக, திருப்புவிசை ஏறக்குறைய ஐந்து மடங்காகும். நிமிடத்திற்கு 300 சுற்றுச் சுற்றும் மோட்டார் இவ்வாறு 60 சுற்றுக்கு இறங்கினால், 12 செண்டிமீட்டர் சுற்றளவுள்ள இயக்குசக்கரம் வண்டியை விநாடிக்கு 12 செண்டிமீட்டர் நகர்த்தும். பனி வண்டிக்கு இதுவே அதிகம் எனலாம்.

வண்டியைத் திருப்புவது எப்படி என்பதே கட்டுவோருக்கு எழும் முதற் சிக்கல். தொடர்பட்டை வண்டியில் இடப்பக்கப் பட்டை ஒரு வேகத்திலும் வலப்பக்கப் பட்டை வேறு வேகத்திலும் ஓடினால் வண்டி திரும்பும். பக்கத்துக்கு ஒரு மோட்டார் வைப்பது எளிய வழி. ஆனால் ஒரே மாதிரியான இரண்டு மோட்டார்கள்கூட முற்றிலும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. ஆதலின் நேரே செல்லவேண்டிய வண்டி மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கும். இதனைத் தவிர்க்க, மோட்டார் காரின் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் என்னும் அமைப்பை இரண்டாகப் பயன்படுத்தலாம். டிஃபரன்ஷியலின் விதி இது: அதன் கூடு சுழலும் வேகத்தின் இருமடங்கு, அதன் இரு பக்கத் தண்டுகளின் வேகங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். முதல் மோட்டார் இரண்டு கூடுகளையும் ஒரே திசையில் சுழற்றட்டும். ஒவ்வொரு டிஃபரன்ஷியலின் ஒரு தண்டு அப்பக்கத்துப் பட்டையை ஓட்டட்டும். மீதியுள்ள இரண்டு தண்டுகளை, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுழலுமாறு, இரண்டாவது மோட்டாருடன் இணைக்கவேண்டும். இரண்டாவது மோட்டார் நிற்கும்போது இரு பட்டைகளும் சம வேகத்தில் ஓடும்; அது சுழலும்போது ஒரு பட்டையின் வேகம் கூடி, மற்றதன் வேகம் அதே அளவு குறையும். இரண்டாவது மோட்டாருக்கும் தண்டுகளுக்கும் இடையே திருகுச் சக்கரம் வைப்பது அவசியம். மோட்டார் திருகைச் சுழற்றலாம். ஆனால் பட்டையிலிருந்து திரும்பி வரும் விசை திருகைச் சுழற்ற இயலாது. அப்பூட்டு இல்லாவிடில் வண்டி மீண்டும் தன் விருப்பப்படி ஒதுங்கும். இவ்வமைப்பில் பட்டைத் தண்டு கூட்டைப்போல் இருமடங்கு வேகத்தில் ஓடும் என்பதனை மேற்கண்ட வேகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மறக்கலாகாது.

தொடர்பட்டையின் இறுக்கம் கைப்பழக்கத்தால் அறியவேண்டியது. தளர்ந்திருந்தால் வண்டி திரும்பும்போது பட்டை சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும். அளவு மீறி இறுக்கினால் மோட்டாரின் சக்தியில் பெரும்பகுதி பட்டையைச் சுற்றுவதிலேயே செலவாகும். உண்மை வண்டியில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. பல்லுக்கும் பட்டைக்கும் இடையே பனி புகுந்து கெட்டியாகிப் பட்டையை மேலும் இறுக்கும். கனடாவின் க்யூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப் ஆர்மன் பொம்பார்டியே என்பவர் ரப்பர் போர்த்திய பற்சக்கரத்தையும் அதற்கேற்ற பட்டையையும் அமைத்து 1937 இல் காப்புரிமை பெற்ற பின்னரே, பனிக்காலத்தில் கிராமங்களுக்கிடையே பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள் நல்ல முறையில் ஓடத் தொடங்கின.

வண்டி கட்டி முடிந்தது எனக் கொள்வோம். மேசைமீது மணலைப் பரப்பி அதில் ஓடவிட்டால், அது மேடு பள்ளம் பாராமல் ஏறி இறங்கும். மாணவர்கள் கைதட்டுவர். “பெரிய வண்டியும் இப்படித்தான் போகும்” என்று ஆசிரியர் சொல்லிவிடவும் கூடும். அங்கேதான் தவறு நேர்கிறது.

மேற்கூறிய 6,400 கிலோகிராம் வண்டியை இருபதில் ஒரு பங்காகச் சுருக்குவோம். பட்டையின் நீளம் 20 செண்டிமீட்டர், அகலம் 4 செண்டிமீட்டர். இரண்டு பட்டைகளின் பரப்பு 160 சதுர செண்டிமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை 8,000 இல் ஒரு பங்காகி 800 கிராம் ஆகும். எனவே அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 5 கிராமே. பெரிய வண்டியின் அழுத்தத்தில் இது இருபதில் ஒரு பங்கு! பனியோ மணலோ வண்டியோடு சேர்ந்து சுருங்குவதில்லை. மாதிரி புதையாமல் ஓடுவது அதன் பட்டையின் பெருமையன்று; அதன் சிறுமையின் பயன். அழுத்தத்தைச் சமமாக்க மாதிரியின்மீது பாரம் ஏற்றலாமே எனில், மொத்த எடை 16 கிலோகிராம் ஆகவேண்டும். அதற்கு வெகு முன்பே பிளாஸ்டிக் தண்டுகள் முறுக்கிக்கொண்டுவிடும்.

ஆகவே மாதிரி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பிரித்தறிய வேண்டும். பற்சக்கர விகிதம், டிஃபரன்ஷியலின் வேலை, பட்டை கழலுவதன் காரணம் ஆகியவற்றை அது உள்ளபடி காட்டும். பனியில் புதைவதையும் சரிவில் ஏறுவதையும் பற்றி அது கூறுவதை அப்படியே நம்பலாகாது. குளிரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

முழு அளவு வண்டிகளிலேயே இவ்வகைத் தவறு நேர்ந்திருக்கிறது. தென் துருவத்திற்குச் சென்ற காப்டன் ஸ்காட் தம்முடன் மூன்று தொடர்பட்டை மோட்டார் வண்டிகளைக் கொண்டுசென்றார். அவ்வகை வண்டி 1910 இல் நார்வே நாட்டுப் பனியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அண்டார்க்டிகாவில் 1911 ஜனவரி 8 அன்று கப்பலிலிருந்து இறக்கிய ஒரு வண்டி கடற்பனி உடைந்து மூழ்கிற்று. எஞ்சிய இரண்டும் அக்டோபர் இறுதியில் புறப்பட்டுச் சில நாட்களுக்குள் நின்றுபோயின. பட்டைகள் தம் வேலையைச் செய்தன. காற்றால் குளிர்விக்கப்பட்ட எஞ்சின் மிகுதியாகச் சூடேறிப் பழுதடைந்தது. அவ்வண்டிகளுடன் சென்ற நால்வரும் அதன்பின் சுமையைத் தங்கள் தோளாலேயே இழுத்துச் செல்ல நேர்ந்தது. நார்வேச் சோதனை பொய்யன்று. கேட்ட கேள்விக்கு அது விடை கூறிற்று. அண்டார்க்டிகா கேட்ட கேள்வி வேறு. பின்னர், 1957 நவம்பர் 24 முதல் 1958 மார்ச் 2 வரை 99 நாட்களில் விவியன் ஃபூக்ஸ் குழுவினர் அக்கண்டத்தைக் குறுக்கே கடந்தபோது, நான்கு தனித்தனிப் பட்டைகள் கொண்ட ஸ்னோ-காட் வண்டிகள் சுமார் 3,470 கிலோமீட்டர் தூரத்தையும் தாங்கின. பனிப்பிளவின் இரு கரைகளிலும் பட்டைகளின் நுனிகள் மட்டும் ஊன்ற, வண்டி நடுவே தொங்கிய நிலையிலிருந்தும் மீட்கப்பட்டது.

எனினும், மாதிரியைக் கொண்டே அதன் குறையை மாணவர்களுக்கு உணர்த்த ஒரு வழி உண்டு. தரை வண்டிக்குத் தரும் பிடிப்பு இரு வகைப்பட்டது. ஒன்று உராய்வு, வண்டியின் எடை கூடினால் அதுவும் கூடும். மற்றொன்று மண் துகள்கள் தமக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பற்று. இது எடையைப் பொறுத்ததன்று, பட்டையின் பரப்பைப் பொறுத்தது. நிலத்திற்கும் வண்டிக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்து 1956 இல் நூலாக்கிய எம். ஜி. பெக்கர் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டார். நிலவில் 1971 இல் ஓடிய வண்டியின் சக்கர அமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு.

ஒரு நீண்ட மரத்தட்டில் ஐந்து செண்டிமீட்டர் ஆழத்துக்கு உலர்ந்த ஆற்றுமணலை நிரப்பி, ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வண்டி எந்தச் சாய்வுவரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளவும். பின்னர் வண்டிமேல் 800 கிராம் கல்லை ஏற்றி மீண்டும் பார்க்கவும். உலர்மணலில் பற்று இல்லை. எடை இருமடங்கானால் பிடிப்பும் இருமடங்காகும், கீழே இழுக்கும் விசையும் இருமடங்காகும். ஆகவே ஏறும் சாய்வு பெரிதும் மாறாது. இப்போது மணலை நீர் தெளித்து ஈரமாக்கி, தட்டி இறுக்கி, இதே சோதனையைச் செய்யவும். பாரமில்லாத வண்டி முன்னைவிட மிகச் செங்குத்தான சரிவில் ஏறும். பாரம் ஏற்றியதும் அந்த ஆதாயம் குறையக் காணலாம். பற்று அப்படியே இருக்க, இழுக்கும் விசை மட்டும் இரட்டித்துவிட்டது. உண்மை வண்டியில் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டர் பட்டைக்கும் எடை இருபது மடங்கு என்பதை மாணவர்கள் இங்கிருந்து தாங்களே எட்டிப் பிடிப்பர்.

சோதனையின்போது ஒன்றைக் கண்காணிக்க வேண்டும். பட்டை சுழன்றுகொண்டே வண்டி நின்றால் குறை தரையின் பிடிப்பில் உள்ளது. பட்டையே நின்றுவிட்டால் குறை மோட்டாரில் உள்ளது. இரண்டாவது வகையில் கிடைத்த அளவுகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது; உடனே மின்சாரத்தை நிறுத்தாவிட்டால் மோட்டார் சூடேறும். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து பொடித்த பனிக்கட்டி கிடைக்குமிடங்களில் அதிலும் ஓட்டலாம். ஆனால் மோட்டாரையும் பாட்டரிப் பெட்டியையும் மெழுகுத்தாளால் சுற்றிவிடவேண்டும். குளிர்ந்த பாட்டரி சற்று வலுவிழந்திருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வேலை முடிந்ததும் மணலை ஊதிப் போக்காமல், மோட்டாரைக் கழற்றிவிட்டு மற்றப் பகுதிகளைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது நல்லது. டிஃபரன்ஷியலின் கூட்டுக்குள் தங்கும் இரண்டு மணல் துகள் போதும், அடுத்த வகுப்புச் சோதனையைக் கெடுக்க.