முறுக்குவிசை மாற்றியின் தெரிவு (பழைய தானுந்துகள்)

முறுக்குவிசை மாற்றி அல்லது டார்க் கன்வர்ட்டர் என்பது, தானியங்கிக் கியர்ப்பெட்டி கொண்ட தானுந்துகளில் இயந்திரத்துக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே அமைந்து, எண்ணெய் ஓட்டத்தின் மூலம் வலுவைக் கடத்தும் கருவி ஆகும். தானியங்கிக் கியர்ப்பெட்டியுடன் வெளிவந்த பழைய தானுந்துகளுள் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்காவில் செய்யப்பட்டவை. எனவே இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகள் அந்நாட்டுத் தானுந்துகளைச் சார்ந்தவை. இத்தகைய வண்டிகளைப் புதுப்பிப்போர் இயந்திரத்தையோ பின்அச்சையோ மாற்றும்போது முறுக்குவிசை மாற்றியையும் புதிதாகத் தெரிவு செய்ய நேர்கின்றது. பந்தயத் தடத்துக்கு ஏற்ற மாற்றியை அன்றாடம் சாலையில் ஓடும் வண்டியில் பொருத்தினால் எரிபொருள் வீணாவதோடு கியர்ப்பெட்டியும் வெந்து பழுதாகக்கூடும்.

அமைப்பும் இயங்கு முறையும்

உளுந்து வடையை ஒத்த வடிவமுள்ள எஃகுக் கூட்டினுள் மூன்று அலகுச் சக்கரங்கள் உள்ளன. கூட்டுடன் இணைந்து இயந்திரத்தின் வேகத்திலேயே சுழல்வது எக்கி. அது வீசும் எண்ணெயை எதிர்கொண்டு சுழன்று கியர்ப்பெட்டியை இயக்குவது சுழலி. இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்து, சுழலியிலிருந்து திரும்பும் எண்ணெயை எக்கிக்குச் சாதகமான திசையில் திருப்பிவிடுவது நிலையி. நிலையி ஒருவழிக் கிளட்ச் ஒன்றின் மீது அமர்ந்துள்ளது. இது மிதிவண்டியின் பின்சக்கர ஃப்ரீவீலை ஒத்தது. வண்டி புறப்படும்போது நிலையி அசையாது நின்று முறுக்குவிசையைப் பெருக்குகின்றது. சுழலியின் வேகம் எக்கியின் வேகத்தில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காட்டை எட்டியதும் அதுவும் சேர்ந்து சுழலத் தொடங்குகின்றது. அதன்பின் பெருக்கம் இல்லை. பயணத் தானுந்துகளில் புறப்படும் கணத்தில் கிடைக்கும் பெருக்கம் பொதுவாக இரண்டு மடங்கை ஒட்டி இருக்கும்.

வரலாறு

செருமனியப் பொறியாளர் எர்மன் ஃபோட்டிங்கர் 1905 ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். கப்பல்களில் நீராவிச் சுழலியின் மிகு வேகத்தை உந்துவிசிறிக்கு ஏற்பக் குறைப்பதே அவரது நோக்கமாக இருந்தது. 1940 ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் தானுந்துகளில் வந்த ஐட்ராமெட்டிக் கியர்ப்பெட்டியில் இருந்தது நிலையி இல்லாத எண்ணெய் இணைப்பி மட்டுமே. அது முறுக்குவிசையைப் பெருக்காது. 1948 இல் வெளிவந்த பியூக் டைனாஃப்ளோவே பெருமளவில் உற்பத்தியான பயணத் தானுந்துகளுள் முறுக்குவிசை மாற்றியை முதன்முதலாகப் பயன்படுத்தியது. 1965 முதல் 1967 வரை பியூக், ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் வண்டிகளில் வந்த கியர்ப்பெட்டி வகையொன்றில் நிலையியின் அலகுகள் கோணம் மாறக்கூடியவாறு அமைந்திருந்தன. ஒரே மாற்றி இரண்டு விதமாக நடந்துகொள்ளும் இவ்வசதி பின்னர் கைவிடப்பட்டது.

ஸ்டால் வேகம்

வண்டி அசையாது நிற்கையில், அதாவது சுழலி முற்றிலும் நின்றிருக்கையில், முடுக்கியை முழுதாக அழுத்தினால் இயந்திரம் எட்டும் உச்சச் சுழற்சி வேகமே ஸ்டால் வேகம் ஆகும். இக்கட்டுரையில் வேகத்தைக் குறிக்கும் எண்கள் யாவும் நிமிடத்துக்கான சுற்றுகள். 1960களின் தொழிற்சாலை மாற்றிகளில் இது பெரும்பாலும் 1,600 முதல் 2,000 வரை இருந்தது.

ஸ்டால் வேகம் மாற்றிக்கு மட்டுமே உரிய நிலையான அளவு என்பது பரவலாகக் காணப்படும் தவறான எண்ணம். எக்கி உள்வாங்கும் முறுக்குவிசை அதன் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமைகின்றது. எனவே ஸ்டால் வேகம், இயந்திரம் தரும் முறுக்குவிசையின் இருபடி மூலத்தைப் பொறுத்து மாறும். 400 நியூட்டன் மீட்டர் தரும் இயந்திரத்தின் பின்னால் 2,000 சுற்றில் நிற்கும் மாற்றி, 550 நியூட்டன் மீட்டர் தரும் இயந்திரத்தின் பின்னால் ஏறத்தாழ 2,350 சுற்றுக்கு ஏறும். பெட்டியின் மீது அச்சிடப்பட்ட எண் எந்த இயந்திரத்தைக் கருதிச் சொல்லப்பட்டது என்பதைக் கேட்டறியாமல் அவ்வெண்ணுக்குப் பொருள் இல்லை.

விட்டத்தின் தாக்கம் இதனினும் பெரிது. ஒரே வடிவமுள்ள மாற்றிகளில் உள்வாங்கும் முறுக்குவிசை விட்டத்தின் ஐந்தாம் படிக்கு நேர்விகிதமாகும். 12 அங்குல மாற்றியை அதே வடிவில் 10 அங்குலமாகச் சுருக்கினால், அதே இயந்திரத்தில் ஸ்டால் வேகம் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாக உயரும். பந்தய வண்டிகளின் மாற்றிகள் சிறியனவாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பிரேக்கை அழுத்தியபடி முடுக்கியை மிதித்து ஸ்டால் வேகத்தை அளப்பதுண்டு. வலுவான இயந்திரங்களில் பின்சக்கரங்கள் பிரேக்கை மீறிச் சுழன்றுவிடும் ஆதலால் உண்மையைவிடக் குறைந்த அளவே கிடைக்கும். மேலும், 400 நியூட்டன் மீட்டர், 2,000 சுற்று என்ற நிலையில் இயந்திரத்தின் 84 கிலோவாட் வலு முழுவதும் ஒரு சில லிட்டர் எண்ணெயைக் கொதிக்க வைப்பதிலேயே செலவாகின்றது. ஐந்து வினாடிக்கு மேல் இச்சோதனையை நீட்டுதல் கூடாது. வண்டியின் முன்னால் எவரும் நிற்கவும் கூடாது.

பின்அச்சு விகிதமும் சாலை வேகமும்

சாலையில் ஓடும் வண்டிக்கு, புறப்படும் கணத்தைவிட அது நாள் முழுதும் ஓடும் வேகமே முக்கியமானது. 350 கன அங்குல இயந்திரமும் டர்போ ஐட்ராமெட்டிக் 350 கியர்ப்பெட்டியும் கொண்ட 1970 ஆம் ஆண்டுச் செவர்லே செவெல் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சக்கர விட்டத்தை டயருடன் 26 அங்குலம் எனக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 3.08 பின்அச்சு விகிதத்துடன் கியர்ப்பெட்டியின் வெளித்தண்டு ஏறத்தாழ 2,470 சுற்றில் சுழலும். விகிதம் 2.73 ஆயின் 2,190, 3.73 ஆயின் 3,000.

இவ்வண்டியின் உரிமையாளர் 400 நியூட்டன் மீட்டருக்கு 2,800 சுற்றில் நிற்கும் மாற்றி ஒன்றை வாங்குகிறார் என்க. 3.08 விகிதத்தில் பயண வேகம் ஸ்டால் வேகத்துக்குக் கீழே உள்ளது. ஆகவே மாற்றி ஓயாமல் வழுக்கும் என்று பலர் சொல்வர். இது பாதி உண்மையே. சமதளச் சாலையில் சீராக ஓடும்போது இயந்திரம் சுமார் 100 நியூட்டன் மீட்டரே தருகின்றது. அந்தச் சுமையில் அதே மாற்றியின் ஸ்டால் வேகம் 1,400 ஆகக் குறைந்துவிடுவதால் வழுக்கல் பெரிதாகத் தெரியாது. ஏற்றத்தில்தான் சிக்கல் தொடங்குகின்றது. சுமை 250 நியூட்டன் மீட்டராக உயர்ந்தால் ஸ்டால் வேகம் 2,210 ஐத் தாண்டும். பயண வேகத்துக்கும் அதற்கும் இடைவெளி சுருங்கி வழுக்கல் மிகும். அப்போது இயந்திரம் 60 கிலோவாட் தர, மாற்றியின் திறன் 88 விழுக்காடாக இருப்பின், 7 கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாகி எண்ணெயில் சேர்கின்றது. மலைச்சாலையில் அரை மணி நேரம் இவ்வாறு ஏறும் வண்டியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். இறக்கத்திலும் இத்தகைய தளர்ந்த மாற்றி இயந்திரத்தின் தடுப்பாற்றலைக் குறைத்துப் பிரேக்குகளின் சுமையைக் கூட்டும்.

3.08 விகிதமும் மாற்றப்படாத இயந்திரமும் உள்ள செவெலுக்குத் தொழிற்சாலை அளவை ஒட்டிய 1,800 முதல் 2,000 வரையான மாற்றியே போதுமானது. வண்டியின் எடை மிகுந்தால் இயந்திரம் உண்மையான ஸ்டால் வேகத்தை நெருங்கும். இலகுவான வண்டியோ அதற்கு முன்பே நகர்ந்துவிடும்.

கேம் தண்டு

வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் தண்டைப் பொருத்தினால் இயந்திரம் தாழ் வேகத்தில் முறுக்குவிசையை இழந்து உயர் வேகத்தில் பெறும். அத்தகைய இயந்திரம் ஓய்வு நிலையிலும் 850, 900 சுற்றில் ஓட வேண்டியிருக்கும். இறுக்கமான தொழிற்சாலை மாற்றியுடன் சாலைச் சந்திப்பில் நிற்கையில் வண்டி பிரேக்கை மீறி முன்னே நகரப் பார்க்கும். அல்லது இயந்திரம் அணைந்துவிடும். இங்கு ஸ்டால் வேகத்தை உயர்த்துவது நியாயமான தேவை. கேம் தண்டு பயன்தரத் தொடங்கும் வேகத்தைவிட ஸ்டால் வேகம் சற்று மேலே இருந்தால் போதும். மிதமான கேம் தண்டு உள்ள சாலை வண்டிக்கு 2,200 முதல் 2,500 வரை என்பது பெரும்பாலும் பொருந்தும். இதற்கு மேல் வேண்டியிருந்தால், மாற்றியைவிடக் கேம் தண்டின் தெரிவையே மறுபரிசீலனை செய்வது நல்லது.

பூட்டும் கிளட்ச்

எக்கியையும் சுழலியையும் உராய்வுத் தட்டு ஒன்றால் நேரடியாகப் பிணைத்து வழுக்கலை நீக்கும் முறை புதிதன்று. 1949 ஆம் ஆண்டுப் பேக்கார்ட் அல்ட்ராமெட்டிக்கிலேயே இது இருந்தது. எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டு 1978 மாதிரி ஆண்டில் கிரைசுலர் இதனை மீண்டும் கொண்டுவந்தது.

பழைய வண்டிகளில் நான்கு கியர் கொண்ட 700ஆர்4 கியர்ப்பெட்டியைப் பொருத்துவோருக்கு இது இன்றியமையாதது. அதன் நான்காம் கியர் விகிதம் 0.70 ஆதலால், 3.73 பின்அச்சுடன் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்சி 3,000 இலிருந்து 2,100 ஆக இறங்குகின்றது. மேற்கூறிய ஏற்றத்தில் 2,800 மாற்றியின் ஸ்டால் வேகம் இதையும் மிஞ்சிவிடும். பூட்டு இல்லையேல் நான்காம் கியரின் சிக்கனம் வெப்பமாகவே வெளியேறும். பழைய வண்டியில் கணினி இல்லாததால் பூட்டை இயக்கத் தனி மின்சுற்று அமைக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் பூட்டு விடுபடும்படி அச்சுற்று இருத்தல் அவசியம். அக்கியர்ப்பெட்டியின் முதல் கியர் 3.06 ஆகும். டர்போ ஐட்ராமெட்டிக் 350 இல் அது 2.52 மட்டுமே. ஆழ்ந்த முதல் கியர் புறப்பாட்டுக்கு உதவுவதால் உயர்ந்த ஸ்டால் வேகத்தின் தேவையும் அந்த அளவுக்குக் குறைகின்றது.

எண்ணெயின் வெப்பம்

கியர்ப்பெட்டி எண்ணெய் 80 °செ அளவில் நீண்ட காலம் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 °செ உயர்வுக்கும் அதன் ஆயுள் பாதியாகின்றது என்பது பழுதுபார்ப்போரிடையே வழங்கும் நடைமுறை விதி. எண்ணெய் கருகினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். இரப்பர் வளையங்கள் இறுகி ஒழுகும். மிகையாகச் சூடேறிய எண்ணெய் நிரப்புக் குழாயின் வழியே பொங்கிச் சூடான புகைக்குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ரேடியேட்டரின் தொட்டிக்குள் அமைந்த குளிர்விப்பி தொழிற்சாலை மாற்றிக்குப் போதும். ஸ்டால் வேகத்தை உயர்த்துவோர் காற்றால் குளிரும் துணைக் குளிர்விப்பியையும் வெப்பமானியையும் சேர்த்தே வாங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் பணம் போதாதெனில் பழைய மாற்றியே இருக்கட்டும்.

பொருத்துதல்

மாற்றியின் உள்தண்டுப் பற்களின் எண்ணிக்கையும், போல்ட் துளை வட்டமும், கிராங்க் தண்டில் அமரும் முனையின் விட்டமும் வண்டியுடன் ஒத்திருக்க வேண்டும். பொருத்துமுன் சுமார் ஒரு லிட்டர் எண்ணெயை மாற்றிக்குள் ஊற்றி, பின் அதைச் சுழற்றியபடியே உள்ளே தள்ள வேண்டும். அது படிப்படியாக இறங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் எக்கியுடன் முழுமையாகப் பிணைய வேண்டும். கியர்ப்பெட்டியை இயந்திரத்துடன் இணைத்த பின், போல்டுகளை இறுக்குமுன், மாற்றிக்கும் ஃபிளெக்ஸ் தட்டுக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாதிருந்தால் மாற்றி முழுதாக அமரவில்லை என்று பொருள். அந்நிலையில் போல்டுகளைக் கொண்டு வலிந்து இறுக்கினால் இயந்திரத்தை முதன்முறை இயக்குமுன்பே எண்ணெய் எக்கி உடைந்துவிடும்.