ஈயமும் டயரும் போய் பியூ வந்தது

ஒரு காலத்தில் புதுச்சேரியின் லாஸ்பேட்டை மாதிரி இடத்தில் டிங்கரிங் பட்டறைக்குள் நுழைந்தால் புளிய மரக்கட்டை, மணல் மூட்டை, லாரி டயரில் அறுத்த துண்டு, காய்ச்சி ஊற்றிய ஈயம் கிடக்கும். தகட்டை வளைக்க அவைதான் டை. ஈயப் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டே வேலை நடக்கும். அழுத்தமான டைக்கு எஃகு வேண்டுமென்றால் சென்னைக்குப் பஸ் ஏறி, பாரிமுனைப் பக்கம் கடை கடையாக அலைய வேண்டும். எச்.சி.எச்.சி.ஆர். (கார்பனும் குரோமியமும் மிகுந்த எஃகு) என்று கேட்டால் வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். எமரிக் கல்லில் வைத்துத் தீப்பொறியைப் பார்த்தே ரகம் சொல்லும் மேஸ்திரிகள் இருந்தார்கள்.

இன்று பியூ ஷீட்டும் பியூ ராடும் போனில் சொன்னால் பார்சலில் வந்து இறங்குகின்றன. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு கண்டுபிடித்த பாலியூரித்தேன்தான் இது. அமுங்கும், ஆனால் கன அளவு குறையாது. தகட்டை அழுத்தும் பஞ்ச் மேலிருந்து இறங்கினால் பக்கவாட்டில் பிதுங்கியே தீரும். அந்தப் பிதுக்கம்தான் தகட்டைப் பஞ்சோடு இறுக்கி ஒட்டவைக்கிறது. கீழ் டையைத் தனியாகக் கடையும் செலவு மிச்சம். பாலீஷ் போட்ட எவர்சில்வரில் கீறலும் விழாது. பிதுங்க இடம் விடாமல் பெட்டிக்குள் திணித்தால் மட்டும் சீக்கிரமே ஓரம் கிழிந்துவிடும்.

பொருள் எளிதாகக் கிடைக்கிறது. சோதித்து வாங்கும் பழக்கம்தான் போய்விட்டது. பலர் நிறத்தைச் சொல்லி வாங்குகிறார்கள். நிறம் வெறும் சாயம். கேட்க வேண்டியது கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ எண்: ஆழமாக வளைக்க 80, கூர்மையான மடிப்புக்கு 95. 90 என்று பில் போட்டு எனக்கு வந்த பலகையில் கடினமானியை வைத்தபோது முள் 80-ஐக்கூடத் தொடவில்லை.

பியூவைத் தாங்களே வார்க்க நினைப்பவர்களுக்கு நம் கடற்கரைக் காற்றே பகை. ஈரம் பட்டால் வார்ப்புக் கலவையில் உள்ள ஐசோசயனேட் கார்பன் டை ஆக்சைடை விடும், வார்ப்பெல்லாம் குமிழியாகிவிடும். ஐப்பசி மழையில் அந்த வேலையைத் தொடக்கூடாது. ஐசோசயனேட் ஆவியும் நுரையீரலுக்குக் கெடுதல்.

வாங்கியதைச் சோதிக்கத் தூரம் போக வேண்டியதில்லை. லாஸ்பேட்டையிலேயே மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. சிறு பட்டறைக்காரர் வாங்கிய பியூவையும் எஃகையும் கொண்டுபோய்க் கடினம் பார்த்துக்கொள்ள, வாரத்தில் ஒரு நாளாவது அதன் ஆய்வகத்தைத் திறந்துவிட வேண்டும்.