இலகுரக இருவர் கூடாரம்

இலகுரக இருவர் கூடாரம் என்பது இரண்டு பேர் முதுகுப்பையில் சுமந்து சென்று, வழியில் இரவு தங்குவதற்காகப் பயன்படுத்தும் எடை குறைந்த கூடாரம் ஆகும். பல நாட்கள் நீடிக்கும் நடைப்பயணங்களிலும் மலைப் பயணங்களிலும் இது பயன்படுகின்றது. ஊர்தியில் எடுத்துச் செல்லப்படும் குடும்பக் கூடாரத்தில் எடை ஒரு பொருட்டன்று. ஆனால் இவ்வகைக் கூடாரத்தின் ஒவ்வொரு கிராமையும் பயணி தன் தோளில் சுமக்க வேண்டும். எனவே துணி, கம்பு, கயிறு, முளை ஆகிய அனைத்தும் இயன்ற அளவு மெல்லியனவாகச் செய்யப்படுகின்றன.

இத்தகைய கூடாரத்தை மதிப்பிடும்போது எடை மட்டுமே முதன்மையாகக் கருதப்படுவது வழக்கம். எடையைக் கடையிலேயே நிறுத்துப் பார்க்க இயலும் என்பது இதற்கு ஒரு காரணம். மழையைத் தடுத்தல், காற்றைத் தாங்குதல், உள்ளே ஈரம் சேராமை ஆகிய பண்புகளோ மோசமான ஓர் இரவில்தான் வெளிப்படும். அந்த இரவில் கூடாரம் தவறினால் பயணியின் உடல்நலமும், சில வேளைகளில் உயிரும் இடர்ப்பாட்டுக்கு உள்ளாகலாம்.

வரையறை

இலகுரகம் என்பதற்கு அனைவரும் ஏற்றுக்கொண்ட எல்லை எதுவும் இல்லை. இருவர் கூடாரம் ஒன்று ஏறத்தாழ 2 கிலோகிராமுக்குக் குறைவாக இருந்தால் இலகுரகம் என்றும், ஏறத்தாழ 1 கிலோகிராமுக்குக் குறைவாக இருந்தால் மிகை இலகுரகம் என்றும் பொதுவாகக் கூறப்படுகின்றது. இருவர் என்னும் சொல்லும் தயாரிப்பாளர் இடும் பெயரே. இருவர் அருகருகே படுக்க இடம் உண்டு என்பதே அதன் பொருள். இருவரும் தம் பொருட்களுடன் வசதியாகத் தங்கலாம் என்று அது உறுதி கூறுவதில்லை.

வரலாறு

ஐரோப்பாவில் மலையேற்றம் வளர்ந்த 19 ஆம் நூற்றாண்டில், சுமந்து செல்லத்தக்க கூடாரத்தின் தேவை உணரப்பட்டது. மாட்டர்ஹார்ன் மலையில் 1865 இல் முதன்முதலில் ஏறிய குழுவைச் சேர்ந்த எட்வர்டு விம்ப்பர், தரைத்துணியுடன் இணைத்துத் தைக்கப்பட்ட கூடாரம் ஒன்றை வடிவமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 10 கிலோகிராம். பின்னர் ஆல்பர்ட் மம்மரி, பனிக்கோடரிகளையே தாங்குகம்புகளாகப் பயன்படுத்தும் சிறிய கூடாரத்தைக் கையாண்டார். கையில் உள்ள கருவியையே கம்பாக்கும் இக்கருத்து, நடைக்கோல்களைக் கொண்டு நிறுத்தப்படும் இன்றைய கூடாரங்களில் தொடர்கின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பருத்தித் துணியின் இடத்தை நைலான் படிப்படியாகப் பிடித்தது. 1975 இல் அமெரிக்காவின் நார்த் ஃபேஸ் நிறுவனம், பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் புவிக்கோடக் குவிமாடக் கருத்தைத் தழுவிய கூடாரம் ஒன்றை வெளியிட்டது. வளையும் கம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் குவிமாட வடிவம் அதன் பின்னர் பரவலானது.

எடை குறைப்புக்கு மற்றொரு தூண்டுதல், நெடுந்தொலைவு நடப்போரிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆப்பலாச்சியன் நடைபாதையை எம்மா கேட்வுட் 1955 இல் தம் 67 ஆவது வயதில் தனியாக நடந்து முடித்தார். அவர் கூடாரம் எடுத்துச் செல்லவில்லை. குளியலறைத் திரைத்துணி ஒன்றையே மழைக்காப்பாகக் கொண்டிருந்தார். 1992 இல் ரே ஜார்டின் வெளியிட்ட பசிபிக் மலைமுகட்டு நடைபாதைக் கையேடு, சுமையைக் குறைத்து நடக்கும் முறையைப் பலரிடம் கொண்டு சேர்த்தது.

அமைப்பு

பெரும்பாலான இலகுரகக் கூடாரங்கள் இரு சுவர்களைக் கொண்டவை. உள்கூடாரம் மெல்லிய வலைத்துணியாலும் நீர்புகாத் தரைத்துணியாலும் ஆனது. அதன் மேல் சிறு இடைவெளி விட்டு நீர்புகா வெளிக்கூரை போர்த்தப்படும். வாயிலுக்கு வெளியே கூரையின் கீழ் அமையும் சிறு இடம் முன்றில் எனப்படும். காலணிகளையும் நனைந்த பைகளையும் அங்கே வைக்கலாம். ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் நீர்புகாத் துணி ஓர் அடுக்கு மட்டுமே உண்டு. அது எடை குறைந்தது. ஆனால் உள்ளே படியும் ஈரம் உறங்குவோரை எளிதில் தொடும்.

நிற்கும் முறையைக் கொண்டு கூடாரங்களை மூன்றாக வகைப்படுத்தலாம்.

* தானே நிற்பவை: கம்புகளின் வலுவால் முளை அடிக்காமலே வடிவம் பெறுபவை. பாறைத் தரையில் ஏற்றவை.
* பாதி தானே நிற்பவை: ஒரு முனை கம்புகளால் நிற்கும், மறுமுனைக்கு முளைகள் தேவை.
* முளைகளை நம்பி நிற்பவை: நடைக்கோல்களாலும் இழுகயிறுகளாலும் நிறுத்தப்படுபவை. எடை மிகக் குறைந்தவை. ஆனால் முளை பிடிக்காத மணலிலும் பாறையிலும் சிக்கல் தருபவை.

தானே நிற்கும் கூடாரத்தையும் காற்றில் முளை அடிக்காமல் விடலாகாது. ஆளில்லாத இலகுவான கூடாரம் காற்றில் பறந்துவிடக்கூடும்.

எடையை மதிப்பிடல்

தயாரிப்பாளர்கள் வழக்கமாக இரண்டு எடைகளைத் தருகின்றனர். குறைந்தபட்ச எடை என்பது உள்கூடாரம், வெளிக்கூரை, கம்புகள் ஆகியவற்றின் எடை மட்டுமே. பொதி எடை என்பது முளைகள், கயிறுகள், உறைகள் உள்ளிட்ட அனைத்தின் எடை. அமெரிக்காவின் எம்எஸ்ஆர் நிறுவனம் 2010களில் விற்ற ஹப்பா ஹப்பா என்எக்ஸ் என்னும் இருவர் கூடாரத்தின் குறைந்தபட்ச எடை 1.54 கிலோகிராம், பொதி எடை 1.72 கிலோகிராம். இவற்றுக்கிடையே 180 கிராம் வேறுபாடு உள்ளது. ஒரு கூடாரத்தின் குறைந்தபட்ச எடையை மற்றொன்றின் பொதி எடையுடன் ஒப்பிட்டால் முடிவு தவறாகும்.

முளையின்றி நிற்காத கூடாரத்துக்கு முளைகளின் எடையும், தனியே தரைவிரிப்பு தேவைப்பட்டால் அதன் எடையும் கணக்கில் சேரவேண்டும். நடைக்கோலால் நிற்கும் கூடாரத்தில், நடைக்கோல் பயன்படுத்தாத பயணி அதற்கென ஒரு கம்பைச் சுமக்க நேரிடும். மழையில் நனைந்த கூடாரம் மறுநாள் காலையில் மேலும் கனக்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மறுபுறம், சுமையை இருவர் பகிர்ந்துகொள்வதால் மேற்கூறிய கூடாரத்தில் ஒருவருக்குரிய பங்கு 860 கிராம் மட்டுமே.

இடவசதி

மேற்கூறிய கூடாரத்தின் தரை 213 சென்டிமீட்டர் நீளமும் 127 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பரப்பளவு ஏறத்தாழ 2.7 சதுர மீட்டர். வழக்கமான படுக்கை மெத்தையின் அகலம் 51 சென்டிமீட்டர் என்பதால் இரண்டு மெத்தைகளுக்கு 102 சென்டிமீட்டர் போதும். ஆனால் அகலமான மெத்தை 64 சென்டிமீட்டர் கொண்டது. இரண்டுக்கு 128 சென்டிமீட்டர் வேண்டும். இது இத்தரையின் அகலத்தைவிடச் சற்று அதிகம். தலைப்பகுதியில் அகன்றும் காற்பகுதியில் குறுகியும் உள்ள கூடாரங்களில் குறுகிய பக்கத்தின் அளவையே பார்க்க வேண்டும்.

உச்சி உயரத்தை விடச் சுவரின் சாய்வு முக்கியமானது. உயரம் ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார இயலாது. சுவர் மிகவும் சாய்ந்திருந்தால் உறங்குபையின் தலையும் காலும் ஈரமான துணியைத் தொடும். இரு பக்கமும் வாயில் இருந்தால் நள்ளிரவில் ஒருவர் மற்றவரைத் தாண்டாமல் வெளியேறலாம். இரண்டாவது வாயிலால் எடை சற்றுக் கூடும்.

நீர்தடுப்பு

துணியின் நீர்தடுப்புத் திறன் நீர்த்தம்ப உயரத்தால் அளக்கப்படுகின்றது. துணியின் மீது நீரழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, எந்த உயரத்தில் நீர் மறுபுறம் கசிகின்றது எனக் காண்பதே இச்சோதனை. ஐஎஸ்ஓ 811 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் இதற்குரியது. 1,200 மில்லிமீட்டர் எனக் குறிக்கப்பட்ட துணி, அந்த உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்கும்.

கூரைக்கும் தரைக்கும் ஒரே மதிப்புப் போதாது. கூரையில் விழும் மழைநீர் உடனே வழிந்துவிடும். தரையிலோ மனிதரின் எடை அழுத்துகின்றது. எடுத்துக்காட்டாக, 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் முழங்காலிடும்போது அவரது எடை முழுவதும் 150 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்குவதாகக் கொள்வோம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோகிராம். இது 4,000 மில்லிமீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். சேற்றுத் தரையில் முழங்காலிட்ட இடத்தில் மட்டும் சில வேளைகளில் ஈரம் தோன்றுவது இதனாலேயே ஆகும்.

துணி சிறந்ததாக இருப்பினும் ஊசித்துளைகள் வழியே நீர் புகலாம். உட்புறம் பாலியூரித்தேன் பூச்சுள்ள துணியில் தையல்களின் மேல் பட்டை ஒட்டி அடைக்கப்படுகின்றது. இருபுறமும் சிலிக்கோன் பூசிய துணியில் இப்பட்டைகள் ஒட்டுவதில்லை. எனவே தையல்களில் சிலிக்கோன் பசை பூசவேண்டும். இவ்வேலை சில கூடாரங்களில் வாங்குபவரிடமே விடப்படுகின்றது.

மழையில் எவ்வாறு நிறுத்துவது என்பதும் நீர்தடுப்பின் ஒரு பகுதியே. உள்கூடாரத்தை முதலில் நிறுத்தும் அமைப்பில், வெளிக்கூரை போர்த்தப்படும் வரை மழை வலைத்துணி வழியே தரையில் விழும். வெளிக்கூரையை முதலில் நிறுத்தும் அமைப்பில் இக்குறை இல்லை.

காற்றைத் தாங்குதல்

காற்று தரும் அழுத்தம் அதன் விரைவின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மணிக்கு 36 கிலோமீட்டர் விரைவுள்ள காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 நியூட்டன் அழுத்தம் தரும். விரைவு 72 கிலோமீட்டராக இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகி 240 நியூட்டனை எட்டும். ஆகவே தென்றலில் அசையாமல் நின்ற கூடாரம் புயலிலும் நிற்கும் எனக் கருத முடியாது.

கம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் கூடுதலாக இருந்தால் உறுதி கூடும், எடையும் கூடும். இழுகயிறு கட்டும் கண்ணிகள் எத்தனை உள்ளன, அவை கம்புகளுடன் இணைகின்றனவா, அல்லது துணியில் மட்டும் தைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சித் தளர்வதால், மழை இரவில் கயிறுகளை மீண்டும் இறுக்க நேரிடும். பாலியெஸ்டர் அவ்வளவு தளர்வதில்லை.

உள்ளீரமும் காற்றோட்டமும்

மழையில்லாத இரவிலும் கூடாரத்தின் உட்புறம் நனைந்திருப்பதுண்டு. புதிய பயணிகள் பலர் இதைக் கசிவு என எண்ணுகின்றனர். உண்மையில் இது நீராவி ஒடுக்கம் ஆகும். உறங்குவோரின் மூச்சிலும் வியர்வையிலும் உள்ள நீராவி, குளிர்ந்த கூரையைத் தொட்டு நீர்த்துளியாகின்றது. தெளிவான வானம் உள்ள இரவில் கூரைத்துணி வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்த்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றது. அதனால் பனி அதன் இருபுறமும் படியலாம்.

இது கூடாரத்தின் குறை மட்டுமன்று, இடத்தேர்வையும் பொறுத்தது. குளிர்காற்றும் ஈரமும் தங்கும் பள்ளத்தாக்கின் அடியிலும் நீர்நிலையின் ஓரத்திலும் ஒடுக்கம் மிகும். சற்று உயர்ந்த இடத்திலும் மரங்களின் கீழும் குறையும். எனவே ஓர் இரவின் பட்டறிவைக் கொண்டு ஒரு கூடாரத்தை ஈரமானது என முடிவு செய்வது சரியன்று. கூரையின் மேற்பகுதியில் காற்றுத்துளையும், கீழ்ப்பகுதியில் காற்று நுழையும் இடைவெளியும் உள்ளனவா என்பதே பார்க்க வேண்டியது.

துணியும் ஆயுளும்

நூலின் தடிமன் டெனியர் என்னும் அலகால் குறிக்கப்படுகின்றது. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அதன் டெனியர் ஆகும். 20 டெனியர் நூலில் 9,000 மீட்டர் 20 கிராம் மட்டுமே இருக்கும். இத்தகைய நூலால் ஆன துணி முள்ளாலும் கூரிய கல்லாலும் எளிதில் கிழியும். கிழிசல் பரவாதிருக்க, குறிப்பிட்ட இடைவெளியில் தடித்த நூல்கள் சேர்த்து நெய்யப்படுகின்றன.

மிகை இலகுரகக் கூடாரங்கள் சிலவற்றில் டைனீமா இழைகளைப் பாலியெஸ்டர் படலங்களுக்கிடையே வைத்து ஒட்டிய துணி பயன்படுகின்றது. பாய்மரப் படகுகளின் பாய்களுக்காக உருவான இத்துணி முன்னர் கியூபன் இழை எனப்பட்டது. இது நீரை உறிஞ்சுவதில்லை, நனைந்தாலும் தளர்வதில்லை. ஆனால் விலை மிக அதிகம். நைலானைப் போலச் சிறிதாக மடிவதுமில்லை.

சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நைலானையும் பாலியெஸ்டரையும் வலுவிழக்கச் செய்கின்றன. ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு காலப்போக்கில் சிதைந்து ஒட்டும் தன்மை அடையும்.

பாதுகாப்பு

உடலின் உள்வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குவது உடல்வெப்பக் குறைவு எனப்படும். நடுக்கம், பேச்சுக் குழறல், தெளிவற்ற சிந்தனை ஆகியவை இதன் அறிகுறிகள். இறகு நிரப்பிய உறங்குபை நனைந்தால் வெப்பம் காக்கும் திறனைப் பெரிதும் இழக்கும். எனவே குளிர்ந்த மலையில் கூடாரத்தின் கசிவு இடையூறாக மட்டும் முடிவதில்லை. அது உயிரிடராகவும் மாறக்கூடும்.

மூடிய கூடாரத்துள் அடுப்பு எரிப்பது அதனினும் கொடியது. எரிதலில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் குருதியின் ஈமோகுளோபினுடன் இணைவது. உறங்குபவர் அதை அறியாமலே உயிரிழக்கலாம். மெல்லிய நைலான் எளிதில் உருகித் தீப்பற்றும் என்பதும் கருதத்தக்கது. மேலும், எந்தக் கூடாரமும் மின்னலிலிருந்து பாதுகாப்பு அளிப்பதில்லை.

முன்சோதனை

புதிய கூடாரத்தைப் பயணத்துக்கு முன் வீட்டருகே ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது நன்று. அப்போது கீழ்க்காண்பவற்றை அறிந்துகொள்ளலாம்.

* முழுப் பொதியையும் நிறுத்தால் வரும் உண்மையான எடை.
* இருவரும் தம் மெத்தைகளுடன் படுத்தால் தலையும் காலும் துணியைத் தொடுகின்றனவா என்பது.
* குழாய் நீரைச் சில நிமிடங்கள் கூரையின் மேல் பாய்ச்சினால் எந்தத் தையலில் கசிகின்றது என்பது.
* இருட்டில், கைவிளக்கின் ஒளியில், ஒருவரே தனியாக நிறுத்த இயலுமா என்பது.

இவற்றில் தெரியவரும் குறையை வீட்டிலேயே சரிசெய்யலாம். இயலாவிட்டால் கூடாரத்தைக் கடைக்குத் திருப்பலாம். மலைமேல் மழையில் தெரியவந்தால் இவ்விரண்டும் இயலாது. செல்லும் இடத்தின் மழை, காற்று, குளிர் ஆகியவற்றைத் தாங்கும் கூடாரங்களை முதலில் பிரித்தெடுத்து, அவற்றுள் எடை குறைந்ததைத் தெரிவு செய்வதே தக்க முறையாகும்.